குப்பியின் மேல் என் பெயர்

கடலூர் ஓ.டி.
10-2-1963

அன்புள்ள அமிர்தம்,

நலம் என்று எழுதி அடித்துவிட்டேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

ஹாஸ்டல் முகவரிக்கு எழுதினால் வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். அதனால் ஹெல்த் சென்டர் கம்பவுண்டர் கண்ணாயிரம் வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். அவர் உங்கள் ஊர்க்காரர், பிரிக்கமாட்டார் என்று நீ சொன்ன நினைவு.

காசிம் காக்கா வந்து என்னை அழைத்துப் போன அன்று நீ கெமிஸ்ட்ரி லேபில் இருந்தாய். டாக்டரம்மா காக்காவிடம் சொன்னார்: "உங்க தங்கச்சி சளியில கிருமி இருக்கு. டி.பி. ஆரம்பந்தான், மருந்துல சரியாயிடும். ஆனா ஹாஸ்டல்ல வச்சிக்க முடியாது. மார்ச் பரீட்சைக்கும் உட்கார முடியாது." காக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்தக் குப்பியில் துப்பியது நான் இல்லையே.

நம் இருவருக்கும் தெரிந்ததைத்தான் திரும்ப எழுதுகிறேன். எழுதிப் பார்த்தால்தான் நடந்தது என்று எனக்கே நம்பிக்கை வருகிறது. மூன்று வாரமாக எனக்கு இருமல். டாக்டரம்மா காலைச் சளி கொண்டுவரச் சொல்லிக் குப்பி கொடுத்தார். எங்கள் சின்ன வாப்பா பினாங்கிலிருந்து திரும்பி, இருமி இருமியே மவுத்தானவர். எனக்கும் அதுவாக இருந்தால் படிப்பு, மெடிக்கல் செலக்‌ஷன் எல்லாம் அத்தோடு போயிற்று என்று நடுங்கினேன். குளியலறைக் குழாயடியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லாத்தான இருக்க, நீ துப்பிக் குடுடி" என்று கெஞ்சினேன். இரண்டு முறை மாட்டேன் என்றாய். மூன்றாவது முறை வாங்கிக்கொண்டாய். என் பெயர் ஒட்டிய அந்தக் குப்பியை அன்று ஹெல்த் சென்டர் டியூட்டியில் நீயே லேபுக்குக் கொண்டுபோனாய்.

அதில்தான் கிருமி இருந்திருக்கிறது.

இங்கே தினமும் ஊசி. நோன்பு வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அமிர்தம், இதற்கு என்ன அர்த்தம் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. டாக்டருக்குப் படிக்க ஆசைப்படுகிற ஏழு பெண்களைச் சனிக்கிழமைதோறும் உட்காரவைத்து டாக்டரம்மா பாடம் நடத்தி, ஹெல்த் சென்டர் டியூட்டியும் கொடுத்தாரே, அதில் முன் பெஞ்சில் இருந்தவர்கள் நாம். போய்ச் சொல். சொல்லப் பயமாக இருந்தால், உனக்கு ஒரு எக்ஸ்ரே படம் மட்டுமாவது எடுக்கச் சொல்லிக் கேள். உடனே பதில் போடு.

அஜீஸ்

* * *

சிதம்பரம்
15-2-1963

அஜீஸ்,

கடிதம் கிடைத்தது. படித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். நீயும் என் கடிதத்தை அப்படியே செய்.

அன்று லேபுக்குப் பதினோரு குப்பி போயிற்று. நம்பர் மாறியிருக்கும். வேறு யாருடையதோ உன் பெயரில் ஏறியிருக்கும். எனக்கு இருமல் இல்லை. சளி இல்லை. அன்றைக்கே காறிக் காறித்தான் கொஞ்சம் வந்தது, நீயே பார்த்தாய். எடை குறைந்திருக்கிறது என்று சொல்வாய். பரீட்சை நேரத்தில் யாருக்குத்தான் குறையவில்லை?

நான்தான் வேண்டாம் என்றேன். நீதான் அழுதாய். இதை நீ மறக்கக்கூடாது.

உன் மெத்தையைச் சுருட்டி வெயிலில் போட்டு மருந்து தெளித்தார்கள். பக்கத்துக் கட்டில் என்னுடையது என்பதால் எல்லாரும் என்னைப் பாவம் பாவம் என்கிறார்கள். "உனக்கும் ஒட்டியிருக்கப் போவுது, பாத்துக்க" என்கிறார்கள். சிரிக்கிறேன். சிரித்துவிட்டு வெளியே வந்து நிற்கிறேன். ஒரு இடத்தில் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. புத்தகத்தைத் திறந்தால் வரி ஓடுகிறது.

எங்கள் கீரப்பாளையத்தில் ஹைஸ்கூல் தாண்டிய பெண் நான் ஒருத்தி. அப்பா களத்துமேட்டில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "எம்பொண்ணு டாக்டருக்குப் போவுது" என்கிறார். செலக்‌ஷனுக்கு இன்னும் நான்கு மாதம். உனக்கு ஒன்றும் இல்லை என்று உனக்கே தெரியும். ஓய்வாக இரு. செப்டம்பரில் எழுதிக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் தாங்குவார்கள். எங்கள் வீட்டில் படிப்பு ஒருமுறை நின்றால் நின்றதுதான்.

டாக்டரம்மாவிடம் ஒன்றும் எழுதிவிடாதே. கும்பிட்டுக் கேட்கிறேன்.

அமிர்தம்

* * *

கடலூர் ஓ.டி.
27-2-1963

அமிர்தம்,

நேற்று பெருநாள். எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். சின்னப் பிள்ளைகள் பெருநாள் காசு வாங்க வாசல்வரை வந்தார்கள். உம்மா, "அங்கயே நில்லுங்க, அங்கயே நில்லுங்க" என்று மறித்துவிட்டு, உள்ளே போய் அழுதார். பரங்கிப்பேட்டையிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்துகொண்டிருந்தவர்கள் இந்தப் பெருநாளைக்கு வரவில்லை. அதற்காக நான் வருந்தவில்லை. உம்மா வருந்துகிறார்.

ஊசியால் காதுக்குள் ஓயாமல் இரைச்சல். கிணற்றடியில் குனிந்தால் தலை சுற்றுகிறது. எனக்கு வேண்டாத மருந்து இது. வேண்டியவள் முப்பது மைல்கூட இல்லாத தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு ஓய்வாக இருக்கச் சொல்லி எழுதுகிறாள்.

இருமல் நிற்காததால் காக்கா என்னை மஞ்சக்குப்பத்தில் ஒரு பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனார். படம் எடுத்தார்கள். மூன்று நாள் காலைச் சளி பார்த்தார்கள். இந்த முறை நானேதான் துப்பினேன். ரத்தமும் பார்த்தார்கள். எனக்கு இருப்பது ஈஸ்னோபீலியா. கடலோரத்தில் பாதிப் பேருக்கு இருக்கிற இருமல். மாத்திரை கொடுத்திருக்கிறார். நெஞ்சுப் படத்தில் ஒரு புள்ளி இல்லை. சளியில் கிருமி இல்லை.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஒரு தடவ பாசிட்டிவ்னு வந்தத நான் தள்ள முடியாதும்மா. எப்படி வந்துச்சின்னு தெரியிற வரைக்கும் ஊசிய நிறுத்த மாட்டேன்" என்றார். எப்படி வந்தது என்று தெரிந்த நான் அவர் எதிரில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்காகவா, எனக்காகவா என்று கேட்காதே. என் பொய் வெளியே வரும் என்ற பயமும் அதில் இருந்தது.

என் படம் சுத்தமாக இருக்கிறது அமிர்தம். அப்படியானால் உன் படம்? என் அறையில் இருந்த எல்லாரையும் படம் எடுக்க அனுப்புவதாக டாக்டரம்மா அன்று காக்காவிடம் சொன்னார். உன்னையும் அனுப்பியிருப்பாரே? அதில் என்ன வந்தது என்று ஏன் எழுதவில்லை?

அஜீஸ்

* * *

சிதம்பரம்
6-3-1963

அஜீஸ்,

கேட்டுவிட்டாய். சொல்கிறேன். சொன்ன பிறகு என்னை என்னவேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

நான் படம் எடுக்கவில்லை. உன் முதல் கடிதம் வந்த அடுத்த வாரம், நம் அறையின் மற்ற இரண்டு பேரையும் கண்ணாயிரம் அண்ணன் கூட்டிப்போன அன்று, கொளஞ்சி அக்கா குழந்தைக்குக் காது குத்து என்று சொல்லி ஊருக்குப் போய்விட்டேன். காது குத்து நிஜம்தான். ஆனால் அதற்கு மறுநாள் போயிருந்தாலும் போதும். திரும்பி வந்து ரிஜிஸ்டரில் என் பெயருக்கு நேரே 'எடுத்தாயிற்று, குறையில்லை' என்று நானே எழுதினேன். ரிஜிஸ்டர் எழுதும் டியூட்டி என்னுடையது. மற்ற இருவருக்கும் ஒன்றும் இல்லை என்று படம் வந்திருந்ததால், டாக்டரம்மா மூன்று பெயரையும் சேர்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சாயங்காலமானால் உடம்பு சுடுகிறது. ஹெல்த் சென்டர் தெர்மாமீட்டரை வைத்துப் பார்ப்பேன். தொண்ணூற்றொன்பதரை. நூறு. பார்த்ததும் உதறிக் கீழே இறக்கி டெட்டாலில் போட்டுவிடுவேன். உதறிவிட்டால் இல்லை என்று ஆகிவிடுகிற மாதிரி. இருமலும் வந்துவிட்டது. உன்னுடையது மாதிரி சத்தமான இருமல் இல்லை. சின்னதாக, யாருக்கும் கேட்காத மாதிரி.

இப்போது உனக்கு எல்லாம் தெரியும். பரீட்சை இருபத்தைந்தாம் தேதி. ஏப்ரல் பத்தில் முடிந்துவிடும். அதுவரை பேசாமல் இரு. முடிந்த அன்றே நானே போய்ச் சொல்கிறேன். சத்தியம்.

காது குத்தின்போது அக்கா பிள்ளை தங்கராசு என் மடியில்தான் உட்கார்ந்திருந்தான். மாமன் இல்லாத குறைக்கு நீ உட்காரு என்றார்கள். அழுத அழுகையில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. நாள் முழுக்க என் இடுப்பில்தான். பத்து மாதம் ஆகிறது, இப்போதுதான் பல் முளைக்கிறது. ஏனோ அவன் முகமே கண்ணில் நிற்கிறது.

அமிர்தம்

* * *

கடலூர் ஓ.டி.
9-3-1963

அமிர்தம்,

குழந்தையை மடியில் வைத்திருந்தாயா? நாள் முழுக்கவா?

உனக்குத் தெரிந்திருந்தது. என் முதல் கடிதம் கிடைத்த பிறகுதான் நீ ஊருக்குப் போனாய். தெரிந்தே தூக்கினாய். ஏன் அவன் முகம் கண்ணில் நிற்கிறது என்று உனக்குத் தெரியாதா? எனக்குத் தெரிகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அது வந்தால் நெஞ்சோடு நிற்காது, மூளைக்கு ஏறும் என்று டாக்டரம்மா சொன்னபோது நீ அதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதினாய். உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் பொய் என்னுடையது. அதை நான் யார் தலையிலும் வைக்கமாட்டேன். ரிஜிஸ்டரில் எழுதியது உன்னுடையது. ஏப்ரல் பத்துவரை என்கிறாய். அதுவரை அந்த அறையில் மூச்சுவிடுகிற மற்ற இருவர் யார் வீட்டுப் பிள்ளைகள்?

வாப்பாவிடம் இன்று எல்லாம் சொல்லப்போகிறேன். வியாழக்கிழமை காலை வண்டியில் காக்காவோடு சிதம்பரம் வந்து, குப்பியைப் பற்றி டாக்டரம்மாவிடம் சொல்வேன். நான் கேட்டேன், நீ கொடுத்தாய், அவ்வளவுதான் சொல்வேன். மீதியை நீ சொல். வியாழனுக்கு முன் சொன்னால் நீயாகச் சொன்னதாக இருக்கும்.

அஜீசுன்னிசா

* * *

சிதம்பரம்
15-3-1963

அஜீஸ்,

நீ வந்தபோது நான் ஹெல்த் சென்டரின் கடைசி அறையில் இருந்தேன். உன் குரல் கேட்டது. வெளியே வர அனுமதி இல்லை. இருந்திருந்தாலும் வந்திருப்பேனா, தெரியாது.

புதன்கிழமை மதியமே சொல்லிவிட்டேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. முதலில் உன்மேல் அப்படிக் கோபம் வந்தது. வியாழக்கிழமை நீ வருமுன் எங்காவது ஓடிவிடலாம் என்று பையைக்கூட எடுத்து வைத்தேன். எங்கே ஓடுவது? ஊருக்குத்தான். ஊரில் தங்கராசு இருக்கிறான். பையைக் கீழே வைத்துவிட்டேன்.

டாக்டரம்மா சாப்பிடப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "என்னம்மா?" என்றார். நான் தெர்மாமீட்டரை வாயில் வைத்துக்கொண்டு அவர் எதிரில் நின்றேன். அவர் எடுத்துப் பார்த்தார். நூறு புள்ளி நான்கு.

"எத்தன நாளா?"

"தைப்பூசத்துக்கு முன்ன இருந்து டாக்டர்."

"படம் எடுத்தியே, நார்மல்னு ரிஜிஸ்டர்ல பார்த்தேனே?"

"எடுக்கல டாக்டர். அது நான் எழுதினது."

அவர் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் குப்பியைப் பற்றிச் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. ஒரு தாளை எடுத்து என் முன்னால் தள்ளினார். "இந்த ரெண்டு மாசத்துல யார் பக்கத்துல படுத்த, யார்கூட சாப்பிட்ட, எந்தக் கொழந்தயத் தூக்கின, எல்லார் பேரும் எழுது. இப்பவாவது நெசமா எழுது" என்றார். இருபத்து மூன்று பெயர் எழுதினேன். கடைசியாகத் தங்கராசு என்று எழுதினேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "வயசு?" என்றார். "பத்து மாசம்" என்றேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது.

மாலையில் படம் எடுத்தார்கள். வலது பக்கம் மேலே, கழுத்தெலும்புக்குக் கீழே, ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளையாக இருக்கிறது.

செலக்‌ஷனுக்குப் பரிந்துரைக்கும் பட்டியலில் இருந்து நம் இருவர் பெயரையும் அடித்துவிட்டார். "சீக்கு வந்ததுக்காக அடிக்கல. அது யாருக்கும் வரும். வார்டுல ஒரு பொய் எழுதினா அடுத்த படுக்கைல ஒரு உசுரு போவும். அது புரியாத பொண்ணுங்கள நான் அனுப்ப மாட்டேன்" என்றார்.

அப்பா நாளை வண்டி கட்டிக்கொண்டு வருகிறார். அக்காவும் குழந்தையோடு வருகிறாள், அவனைப் பார்க்கவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். எதற்கு என்று அக்காவுக்கு இன்னும் தெரியாது. நான்தான் சொல்லவேண்டும்.

அமிர்தம்

* * *

கடலூர் ஓ.டி.
26-3-1963

அமிர்தம்,

ஊசி நின்றுவிட்டது. தட்டு, டம்ளர் எல்லாம் மற்றவர்களுடையதோடு சேர்ந்துவிட்டன. உம்மா அல்லாவுக்கு நன்றி சொல்லி இரண்டு ரக்அத் நஃபில் தொழுதார். வாப்பா மட்டும் என்னோடு பேசவில்லை.

ஒரே ஒருமுறை பேசினார். "சீக்காளியா வந்து நின்னப்ப உன்ன நான் தாங்கினேன். அது அல்லா குடுத்தது. இது நீயா செஞ்சதாச்சேம்மா" என்றார். காக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "படிப்பு போதும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் புறப்பட்டுவிட்டார்.

நேற்று உங்களுக்கெல்லாம் பரீட்சை தொடங்கியிருக்கும் என்று எழுத வந்தேன். உனக்கும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. நேற்றுக் காலை எழுந்து குளித்து, பேனாவுக்கு மை ஊற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு மூடி வைத்தேன்.

குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று எழுது. வேறு எதுவும் எழுதவேண்டாம்.

அஜீஸ்

* * *

கீரப்பாளையம்
4-6-1963

அன்புள்ள அஜீஸ்,

இரண்டு மாதம் பதில் போடாததற்குக் காரணம், எழுத ஒரு நல்ல சேதி வரட்டும் என்றிருந்ததுதான். பாதிதான் வந்திருக்கிறது.

தங்கராசுவின் கையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் தடித்துச் சிவந்துவிட்டது. ஒட்டியிருக்கிறது. ஆனால் நோயாக மூளவில்லை, பிடித்துவிட்டோம் என்கிறார் டாக்டரம்மா. இன்னும் மூன்று வாரம் கழித்து வந்திருந்தால் என்று சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ஒரு வருஷம் தினமும் மாத்திரை. அக்கா அதைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கிறாள். எடை ஏறியிருக்கிறது. நடக்கிறான்.

இதையெல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும். அன்று ஹெல்த் சென்டரில் நான் சொல்லி முடித்ததும் அக்கா குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டாள். "நீ தெரிஞ்சே தூக்கினியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "இனிமே எம்புள்ளய நீ பாக்க வேணாம்" என்றாள். ஒரே தெருவில்தான் இருக்கிறாள். அவன் சிரிக்கிற சத்தம் இங்கே கேட்கும்.

நான் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து அறையில் தனியாக இருக்கிறேன். காலையில் ஊசி. ஒரு நாளைக்கு நான்கு பொட்டலம் பி.ஏ.எஸ். பொடி, குடித்தால் குடல் வெளியே வந்துவிடும் போலிருக்கும். ஒரு வேளைகூட விடவில்லை. இருபத்து மூன்று பேரில் சமையலறையில் பாத்திரம் கழுவும் ஒரு அம்மாவுக்கு இருந்ததாம். அவருக்கும் மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். அவருக்கு என்னால் வந்ததா, எனக்கு அவரால் வந்ததா என்று கண்டுபிடிக்க முடியாது என்று கண்ணாயிரம் அண்ணன் சொன்னார். நான் அதை நினைத்துக்கொண்டே இந்த அறைக்குள் நடக்கிறேன். ஏழு அடி, திரும்பி ஏழு அடி.

அப்பா களத்துமேட்டில் இப்போது யாரோடும் பேசுவதில்லை. ஆனால் தினமும் ஊசி போட என்னை வண்டியில் உட்காரவைத்து அவரேதான் ஓட்டுகிறார்.

உன் காது எப்படி இருக்கிறது? கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கேட்கிறேன்.

செப்டம்பர் பரீட்சையை நீ எழுத வேண்டும் அஜீஸ். என் நோட்டுகள் எல்லாவற்றையும் கண்ணாயிரம் அண்ணன் கையில் அனுப்பிவைக்கிறேன். வெயிலில் காயவைத்துத்தான் கொடுத்திருக்கிறேன், பயப்படாதே.

அமிர்தம்

* * *

கடலூர் ஓ.டி.
29-9-1963

அன்புள்ள அமிர்தம்,

எழுதிவிட்டேன். பிஸிக்ஸ் சுமார். மற்றதெல்லாம் நன்றாக.

வாப்பா எப்படிச் சம்மதித்தார் என்று கேட்பாய். உன் ஜூன் மாதக் கடிதத்தை அவர் உட்காரும் நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அவரிடம் எதையும் மறைக்கக்கூடாது என்றிருந்தது, வேறு உத்தேசம் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்டார்: "அந்தப் புள்ள மருந்த ஒழுங்கா சாப்புடுதா?"

"ஒரு வேளைகூட விடலயாம் வாப்பா."

சாப்பிட்டுக் கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே, "ஒனக்குப் பரீட்ச எப்ப?" என்றார். அவ்வளவுதான். உம்மா என்னைப் பார்த்தார், நான் உம்மாவைப் பார்த்தேன்.

கடைசிப் பரீட்சை முடிந்ததும் ஹெல்த் சென்டருக்குப் போனேன். வாசலில் மூன்று தரம் திரும்பிவிட்டு, நாலாவது தரம்தான் உள்ளே போனேன். புதிதாக ஏழெட்டுப் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து நாடி பார்க்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வலது காதில் இரைச்சல் இன்னும் போகவில்லை. இந்தக் காதோடு நான் டாக்டராக முடியுமா என்று கேட்டேன். டாக்டரம்மா தன் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து என் காதில் மாட்டி, மறுமுனையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். "எண்ணு" என்றார். இரைச்சலுக்கு அடியில் கேட்டது. எழுபத்தெட்டு என்றேன். கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

பரிந்துரை கேட்டேன் என்று நினைக்காதே. அவரே சொன்னார்: "சனிக்கெழம சனிக்கெழம வந்து ரிஜிஸ்டர் எழுது. ஒரு வருஷம் பாக்கறேன். நம்பிக்க வந்தா எழுதித் தாரேன். வரலைன்னா இல்ல." பிறகு உன்னைக் கேட்டார். மருந்து முடிந்து, படம் ஒரு வருஷம் சுத்தமாக இருந்தால் உனக்கும் வழி இருக்கிறதாம், அப்படி எத்தனையோ பேர் படித்திருக்கிறார்களாம். "ஆனா அவளும் இங்க வந்து எழுதணும். மொதல்ல இருந்து" என்றார். இதை உனக்குச் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

உன்மேல் கோபம் தீர்ந்ததா என்றால், இல்லை. சில நாள் காலையில் எழும்போதே இருக்கிறது. என்மேலும் இருக்கிறது, அது இன்னும் மோசம். நீ அந்த அறையில் நடப்பதை எழுதியிருந்தாயே, நானும் இங்கே அப்படித்தான்.

வருகிற ஞாயிறு காக்காவோடு சிதம்பரம் வந்து, அங்கிருந்து சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் கீரப்பாளையம் வருகிறேன். முதலில் கொளஞ்சி அக்கா வீட்டுக்குப் போகிறேன். குப்பியைக் கொடுத்தவள் நான் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு, பிறகு உன்னிடம் வருகிறேன். உன்னிடம் என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. பேச்சு வராவிட்டால் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறேன். எனக்கு ஒரு பாய் போட்டு வை.

அஜீஸ்